வைஃபையா, வயரா, புளூடூத்தா? போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் வழிகள்

வீட்டு நெட் அறுந்து, சரிசெய்ய ஆள் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வேலை முழுக்க என் போனின் டேட்டாவில்தான் ஓடியது. காலையில் வீடியோ மீட்டிங், பகலெல்லாம் பெரிய ஃபைல்களை ஏற்றுவது இறக்குவது, ராத்திரி மகளின் ஆன்லைன் வகுப்பு. முதல் நாள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஹாட்ஸ்பாட்டைத் தட்டிவிட்டு, லேப்டாப்பில் பாஸ்வேர்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் மதியம் போன் கையில் பிடிக்க முடியாத சூடு. மீட்டிங் நடுவில் இரண்டு தடவை இணைப்பு கட்டானது. அன்றைக்கு இருந்த டேட்டா சாயங்காலத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. அப்புறம்தான் மற்ற வழிகளை ஒவ்வொன்றாக, நேரம் எடுத்து முயன்று பார்த்தேன்.

வழி என்று பார்த்தால் மூன்று: வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி கேபிள், புளூடூத். எதுவும் புதிதில்லை. ஐபோனில் கேபிள் வழியும் புளூடூத் வழியும் 2009இலேயே வந்துவிட்டன. வைஃபை வழி 2011இல் வந்தது. ஆண்ட்ராய்டில் 2010இல் வெளியான 2.2 பதிப்பிலிருந்து ஹாட்ஸ்பாட்டும் யூஎஸ்பியும் உண்டு. இத்தனை வருடமாகக் கையில் இருந்தும் நம்மில் பலர் ஹாட்ஸ்பாட்டோடு நின்றுவிடுகிறோம். பத்து நிமிட வேலைக்கு அது போதும். நாள் கணக்கில் உட்கார வேண்டும் என்றால் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

"எது வேகம்?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியில் ஒரு பிசகு இருக்கிறது. டேட்டா உங்கள் லேப்டாப்புக்கு வர இரண்டு கட்டமாகப் பயணம் செய்கிறது. டவரிலிருந்து போனுக்கு ஒரு கட்டம், போனிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு கட்டம். இரண்டில் எது மெதுவோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய் மெல்லியதாக இருக்கும்போது கீழே பெரிய வாளியை வைத்து என்ன பயன்?

கணக்கைப் பாருங்கள். சாதாரண 4ஜி போன் ஒன்று காகிதத்தில் நொடிக்கு 150 மெகாபிட் வரை இறக்கும். கூட்டமான மாலை நேரத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே சந்தோஷப்படுகிறோம். இந்தப் பக்கம், பழைய யூஎஸ்பி 2.0 கேபிளே காகிதத்தில் 480 மெகாபிட், நடைமுறையில் 300 அளவுக்குத் தாங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு ஆன்டெனாவுக்கு 433 மெகாபிட் என்று போட்டிருப்பார்கள். பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே கணக்கு 72 மெகாபிட். புளூடூத் காகிதத்திலேயே 3 மெகாபிட்தான், கைக்கு வருவது சுமார் 2.

ஆக, டவரிலிருந்து வருவதைவிடக் குறுகலான வழி புளூடூத் மட்டும்தான். கேபிளும் வைஃபையும் பெரும்பாலான நேரம் தேவைக்கு மேலேயே அகலமானவை. நல்ல 5ஜி சிக்னல் கிடைக்கும் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும், அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் போட்டால் வந்த வேகத்தை நாமே வடிகட்டி விட்டதாகிவிடும். மற்றபடி வேகத்தை வைத்து இந்த இரண்டுக்குள் முடிவெடுக்க முடியாது. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது வேறு ஒரு கேள்வி: போன் எங்கே இருந்தாக வேண்டும்?

முதலில் போனுக்கு இடம் தேடுங்கள்

போனின் மேல் ஓரத்தில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குப் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் பல போன்களில் தெரியும். ஐபோனில் டயல் செய்யும் இடத்தில் *3001#12345#* என்று போட்டு அழைத்தால் ஒரு சோதனைத் திரை திறக்கும். எண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் −80 அருமை. −110ஐத் தாண்டினால் சிரமம் ஆரம்பிக்கும்.

என் வேலை மேஜையில் −112 காட்டியது. அதே அறையின் ஜன்னல் திட்டில் −95. பார்க்கப் பதினேழு எண்தான் வித்தியாசம். ஆனால் இந்த அளவுகோலில் 10 கூடினால் சக்தி பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். 17 என்றால் ஐம்பது மடங்கு. முதல் இரண்டு நாளும் மீட்டிங்கில் என் குரல் விட்டு விட்டுக் கேட்டதற்குக் காரணம் ஹாட்ஸ்பாட் இல்லை, மேஜை. இன்னொன்றும் உண்டு. சிக்னல் மோசமாக இருக்கும் இடத்தில் போன் டவரை எட்டுவதற்காகக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, அதாவது அதிக சக்தியோடு அலைகளை அனுப்ப வேண்டியிருக்கிறது. பேட்டரி கரைவதும் போன் சூடாவதும் அதனால்தான் கூடுகிறது.

அதனால் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைப் பாருங்கள். நல்ல இடம் உங்கள் மேஜையிலேயே இருந்தால் கேபிள்தான் சிறந்தது, யோசிக்கவே வேண்டாம். நல்ல இடம் ஜன்னலிலோ மாடிப்படியிலோ இருந்தால், ஹாட்ஸ்பாட்டின் பக்கம் தராசு சாய்கிறது.

ஹாட்ஸ்பாட்: சுதந்திரம் உண்டு, சூடும் உண்டு

ஹாட்ஸ்பாட்டின் பெரிய பலம் அதுதான். போன் சிக்னல் இருக்கும் இடத்தில் இருக்கலாம், நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இருக்கலாம். கூடவே, இன்னொரு லேப்டாப், டேப்லெட் என்று வீட்டில் இருக்கும் மற்றவர்களும் ஒட்டிக்கொள்ளலாம். டிரைவர் என்ற துணை மென்பொருள் எதுவும் வேண்டாம், எந்த இயங்குதளமும் தகராறு செய்யாது.

அதை இயக்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அலைவரிசை. செட்டிங்ஸில் 2.4, 5 என்று இரண்டு இருக்கும். போனும் லேப்டாப்பும் ஒரே அறையில் இருந்தால் 5 போடுங்கள். நடுவில் சுவர் இருந்தால் 2.4 கொஞ்சம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் 2.4 ஒரு நெரிசலான தெரு. ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல்கள் அதில் மூன்றே மூன்று: 1, 6, 11. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் அடிதடி. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். நீங்கள் காதில் மாட்டியிருக்கும் புளூடூத் ஹெட்செட்டும் அங்கேதான் பேசுகிறது. லேப்டாப்பில் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதன் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல்கூட 2.4ஐக் கெடுக்கும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் "நெட் சரியில்லை" என்று டவரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

ஐபோனில் 2.4, 5 என்று வெளிப்படையாகக் கேட்காது. ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் அதிக இணக்கம் என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்தால் 2.4, ஆஃப் செய்தால் 5. பழைய லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைக் கண்டுபிடிக்கவே மறுத்தால் இந்த சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சூடு. ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் ஒரே நேரத்தில் டவரோடும் பேசுகிறது, ரவுட்டர் வேலையும் பார்க்கிறது. சார்ஜரிலும் போட்டுவிட்டால் மூன்று வேலை. லித்தியம் பேட்டரிக்குச் சூட்டில் சார்ஜ் ஏறுவது நல்லதில்லை. ஒரு நாள் இரண்டு நாள் பரவாயில்லை. வாரக்கணக்கில் இப்படி ஓட்டினால் பேட்டரியின் ஆயுள் குறையும். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் போன் மூன்றாம் நாள் மதியம் அதைத்தான் செய்தது. வெயில் படும் ஜன்னல் திட்டில், தடித்த உறையோடு, வேக சார்ஜரில் வைத்திருந்தேன். உறையைக் கழற்றி, நிழலுக்கு நகர்த்தி, பழைய மெதுவான சார்ஜருக்கு மாற்றியதும் அடுத்த நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை.

யாரும் இணையாமல் இருந்தால் ஹாட்ஸ்பாட் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். பேட்டரிக்காகச் செய்த ஏற்பாடு அது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் நெட் இருக்காது, போனை எடுத்து மறுபடி தட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இதை நிறுத்திவைக்கலாம்.

பாஸ்வேர்ட் இல்லாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் டேட்டாவைத் தின்பது ஒரு பக்கம். உங்கள் சிம்மின் பெயரில் அவர் என்ன செய்கிறார் என்பது இன்னொரு பக்கம். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, லேப்டாப் பழையதாக இருந்தால் டபிள்யூபிஏ2. ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் ஒரு தடவை பாருங்கள். ஐபோன் தன் சாதனப் பெயரையே ஹாட்ஸ்பாட் பெயராகக் காட்டும். அதில் உங்கள் சொந்தப் பெயர் இருந்தால் ரயில் பெட்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

கேபிள்: நாள் முழுக்க வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்

ஐந்தாம் நாளிலிருந்து கேபிளுக்கு மாறினேன். மாறியதும் உடனே தெரிந்த வித்தியாசம் வேகம் இல்லை, நிதானம். வைஃபையில் பக்கத்து ரவுட்டர்களின் குறுக்கீட்டால் சில நொடிகள் தடுமாற்றம் வரும். படம் பார்க்கும்போது அது தெரியாது, ஏனென்றால் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். பேசும்போது தெரியும். குரல் ரோபோ மாதிரி ஆகும், அல்லது நடுவில் ஒரு வார்த்தை விழுங்கப்படும். கேபிளில் அந்தக் கட்டத்தில் குறுக்கிட யாருமே இல்லை. மீட்டிங்கில் நிறையப் பேச வேண்டியவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கேபிளை முயன்று பார்க்க வேண்டும்.

சார்ஜும் கூடவே கிடைக்கிறது. லேப்டாப்பின் சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்ப், அதாவது 2.5 வாட் கொடுக்கும். 3.0 துளை 4.5 வாட். இது மெதுவான சார்ஜ்தான். ஆனால் நாள் முழுக்க மெதுவாக ஏறுவதுதான் இங்கே நமக்கு வேண்டியது. போன் அதிகம் சூடாகாது, பேட்டரியும் சீக்கிரம் இறங்காது. லேப்டாப் மின்சாரத்தில் இல்லாமல் பேட்டரியில் ஓடும்போது மட்டும் இதன் மறுபக்கம் தெரியும். 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப்பிலிருந்து போன் மணிக்கு 2.5 வாட்-மணி உறிஞ்சினால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 சதவீதம் போகிறது. நீண்ட பயணத்தில் அது சின்ன விஷயமில்லை.

இனி கேபிளைப் பற்றி. எல்லாக் கேபிளும் டேட்டா கேபிள் இல்லை. சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டாவுக்கான கம்பியே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. நான் முதலில் செருகிய கேபிள் அப்படிப்பட்டது. போன் சார்ஜ் ஆகிறது, ஆனால் யூஎஸ்பி டெதரிங், அதாவது கேபிள் வழியாக நெட்டைப் பகிரும் சுவிட்ச் மங்கலாகவே நிற்கிறது. போனில்தான் கோளாறு என்று நினைத்து அரை மணி நேரம் செட்டிங்ஸைக் குடைந்தேன். அந்த சுவிட்ச் மங்கலாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு துளையை மாற்றுங்கள், அதற்கப்புறம் செட்டிங்ஸுக்குப் போகலாம்.

லேப்டாப் எது என்பதும் முக்கியம். விண்டோஸில் ஆண்ட்ராய்டு போனைச் செருகி டெதரிங்கை ஆன் செய்தால் புது ஈதர்நெட் (வயர் வழி நெட்) இணைப்பாகத் தானே வந்து நிற்கும். லினக்ஸிலும் அப்படித்தான். மேக்கில்தான் சிக்கல். பல ஆண்ட்ராய்டு போன்கள் கேபிளில் பேசும் ஆர்என்டிஐஎஸ் என்ற முறை மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது; மேக்குக்கு அது புரியாது. என்சிஎம் என்ற முறைக்கு மாறிய புதிய போன்கள் மட்டும் மேக்கோடு நேரடியாகப் பேசும். ஆண்ட்ராய்டு போனும் மேக்கும் வைத்திருப்பவர் கேபிளில் நேரத்தைச் செலவழிப்பதற்கு முன் ஒரு தடவை செருகிப் பார்த்துவிடுங்கள். வரவில்லை என்றால் ஹாட்ஸ்பாட்டே போதும். ஐபோனும் மேக்கும் என்றால் ஒரு சிரமமும் இல்லை. ஐபோனும் விண்டோஸும் என்றால் ஆப்பிளின் டிரைவர் வேண்டும்; அது ஐடியூன்ஸோடு வரும்.

கேபிள் கொஞ்சம் அசைந்து இணைப்பு விட்டுப் போனால், பல ஆண்ட்ராய்டு போன்களில் டெதரிங் சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும். மறுபடி போனை எடுத்து ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் யூஎஸ்பி இணைப்பின் இயல்புநிலையை டெதரிங் என்று மாற்றி வைத்தால் செருகியதுமே நெட் வரும். தினமும் கேபிளில் வேலை செய்பவருக்கு இது பெரிய உபகாரம்.

மேஜையில் சிக்னல் இல்லை, ஜன்னலில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அதற்கும் கேபிளில் ஒரு வழி இருக்கிறது: நீளமான கேபிள். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை இருக்கலாம் என்பது அதன் வரையறையிலேயே உள்ள அளவு. இரு முனையும் டைப்-சி என்றால் 4 மீட்டர். 3.0 வேகத்துக்கான கேபிள்கள் இதைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். 4ஜிக்கு 2.0 வேகமே தாராளம் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் மலிவான, நீளமான 2.0 டேட்டா கேபிள்தான் நமக்கு வேண்டியது. நான் மூன்று மீட்டர் கேபிள் ஒன்றை எடுத்துப் போனை ஜன்னல் ஓரத்து நிழலில் நிற்க வைத்தேன். ஹாட்ஸ்பாட்டின் சுதந்திரமும் கேபிளின் நிதானமும் ஒரே நேரத்தில் கிடைத்தது. ஒன்பது நாளில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு என்றால் அதுதான். டைப்-சி துளை இருப்பதாலேயே போன் 3.0 வேகத்தில் பேசும் என்றும் நினைக்க வேண்டாம். ஐபோன் 15, பல விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாம் டைப்-சி முகத்தோடு 2.0 வேகத்தில்தான் பேசுகின்றன. நம் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை.

இதோடு சம்பந்தப்பட்ட இன்னொரு பயன்: ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் இணைந்திருக்கும்போது கேபிளில் டெதரிங் போட்டால், மொபைல் டேட்டாவைத் தொடாமல் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கொடுக்கும். லேப்டாப்பின் வைஃபை சிப் பழுதானவர்களுக்கும், புதிதாக இயங்குதளம் போட்டுவிட்டு வைஃபை டிரைவர் இல்லாமல் தவிப்பவர்களுக்கும் போன் ஒரு தற்காலிக வைஃபை கருவி.

புளூடூத்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. "என் போனில் புளூடூத் 5 இருக்கிறதே, வேகமாகத்தானே இருக்கும்" என்று கேட்பவர்கள் உண்டு. நெட்டைப் பகிரும் வேலை பழைய வகை புளூடூத்தில் நடக்கிறது. அதன் உச்ச வேகம் 2004இல் வந்த 2.0 பதிப்பிலேயே 3 மெகாபிட்டில் நின்றுவிட்டது. 5இல் வந்த முன்னேற்றங்கள் எல்லாம் கைக்கடிகாரம், சென்சார் போன்றவற்றுக்கான குறைந்த மின்சக்தி வகைக்கு. மெயில் பார்க்க, வெறும் எழுத்துச் செய்தி அனுப்ப, சர்வரில் கட்டளை தட்ட என்றால் புளூடூத் சிக்கனமானது, போனும் குளிர்ச்சியாக இருக்கும். பேட்டரி 15 சதவீதம்தான் இருக்கிறது, கையில் கேபிள் இல்லை, ஒரே ஒரு மெயில் போயாக வேண்டும் என்ற நிலையில் அதைப் பயன்படுத்துவேன். வேறு எதற்கும் இல்லை.

மூன்றுக்கும் பொதுவான ஓட்டை: டேட்டா

எந்த வழியில் கொடுத்தாலும் லேப்டாப் டேட்டாவைத் தின்னும் விதம் போனைப் போல இருக்காது. போனுக்குத் தான் மொபைல் டேட்டாவில் இருப்பது தெரியும், அடக்கி வாசிக்கும். லேப்டாப் தனக்கு வீட்டு நெட் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அப்டேட் இறக்கும், போட்டோக்களைக் கிளவுடில் ஏற்றும், நாம் திறக்காத செயலிகளுக்கும் புதுப் பதிப்பு கொண்டுவரும். மூன்றாம் நாள் என் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்ததற்குக் காரணம் பின்னால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்த ஒரு அப்டேட்.

விண்டோஸில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. நெட்வொர்க் செட்டிங்ஸில், இப்போது இணைந்திருக்கும் இணைப்பின் விவரங்களைத் திறந்தால் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று இருக்கும். அதை ஆன் செய்தால் பெரிய அப்டேட்கள் காத்திருக்கும். இதில் எளிதில் தவறவிடும் ஒன்று: இந்த சுவிட்ச் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. ஹாட்ஸ்பாட்டுக்குப் போட்டு வைத்தது கேபிளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் கேபிள் வேறொரு ஈதர்நெட் இணைப்பாக வருகிறது. இரண்டுக்கும் ஒரு தடவை போட்டுவிடுங்கள். புதிய மேக்குகளில் வைஃபை இணைப்பின் விவரங்களில் லோ டேட்டா மோட் இருக்கிறது. கிளவுட் சேமிப்புச் செயலிகளைக் கையாலேயே நிறுத்தி வையுங்கள்.

உத்தேசக் கணக்குக்கு ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: நொடிக்கு 1 மெகாபிட் என்பது மணிக்கு 450 எம்பி. வீடியோ மீட்டிங்கில் போக 1, வர 1 என்று வைத்தால் மணிக்கு 900 எம்பி. 5 மெகாபிட்டில் ஓடும் தெளிவான வீடியோ மணிக்கு 2.25 ஜிபி. மீட்டிங்கில் உங்கள் கேமராவை அணைத்தாலே பாதிக்கு நெருக்கமாக மிச்சம்.

சில திட்டங்களில் போனுக்கான டேட்டா வேறு, பகிர்வதற்கான டேட்டா வேறு என்று பிரித்திருப்பார்கள். கேபிளில் கொடுத்தால் கம்பெனிக்குத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. டேட்டா பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கிறது. வழியில் ஒவ்வொரு கருவியைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். போனிலிருந்தே கிளம்பினால் 64. லேப்டாப்பிலிருந்து போன் வழியாகப் போனால் 63 அல்லது 127. வைஃபை, வயர், புளூடூத் எதில் போனாலும் இந்தக் குறைவு நடந்தே தீரும். திட்டத்தின் நிபந்தனையை முன்கூட்டியே படித்துவிடுவதுதான் வழி.

நடுவில் அழைப்பு வந்தால்

என் மீட்டிங் இரண்டு தடவை கட்டானதில் ஒன்றுக்குச் சூடு காரணம். இன்னொன்றுக்குக் காரணம் ஒரு போன் அழைப்பு. பல இரட்டை சிம் போன்களில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் முழுதாக வேலை செய்யும். டேட்டா முதல் சிம்மில் ஓடிக்கொண்டிருக்க, அழைப்பு இரண்டாம் சிம்மில் வந்து நீங்கள் எடுத்தால், பேசி முடிக்கும் வரை நெட் நின்றுவிடும். சில போன்களில் அழைப்பின்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி செட்டிங்ஸில் இருக்கும். இல்லை என்றால் முக்கியமான மீட்டிங்கின்போது மற்ற சிம்மை அணைத்து வைப்பது நல்லது. ஒரே சிம் போனிலும், 4ஜி வழியாகக் குரல் அழைப்பு இயங்கும் வசதி ஆன் செய்யப்படாமல் இருந்தால், அழைப்பு வந்ததும் போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும், நெட் தடைபடும்.

அலுவலக வேலைக்கு விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாகப் போகும் தனி வழி) பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போனில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும், போனிலிருந்து லேப்டாப்புக்குப் பகிரும் நெட் பொதுவாக அந்த விபிஎன்னுக்கு வெளியேதான் போகும். லேப்டாப்பில் தனியாக விபிஎன் போட வேண்டும்.

மாதத்தில் பாதி நாள் இப்படித்தான் வேலை என்றால் போனை விட்டுவிடுங்கள். சிம் போடும் பாக்கெட் ரவுட்டரோ, சிம் துளை உள்ள லேப்டாப்போ அதற்கென்றே செய்யப்பட்டவை. தனி சிம், தனி பேட்டரி, அழைப்பு வந்தாலும் பிரச்சினை இல்லை. போனின் பேட்டரியை அடித்துத் துவைப்பதைவிட அது மேல். எப்போதாவது வரும் நெருக்கடிக்கு இன்னொரு கருவியை வாங்கி, அதற்கும் டேட்டா போட்டு வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் வீட்டு நெட் நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள். ஐபோனுக்கான விண்டோஸ் டிரைவரை இறக்கவே நெட் வேண்டும். அது இல்லாத அன்றைக்கு இறக்கப் போனால் இருக்கும் மொபைல் டேட்டாவில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கேபிள் டேட்டா கேபிள்தானா என்று செருகிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட், கேபிள் இரண்டிலும் மீட்டர்டு சுவிட்சைப் போட்டுவிடுங்கள். அந்த மூன்று மீட்டர் கேபிள் இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மற்ற சார்ஜ் கேபிள்களோடு கலந்துவிடாமல் இருக்க, முனையில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.